ஏற்காட்டு மூடுபனி, சேலத்து உப்புத் தண்ணீர்: துணி டயப்பரை எப்படித் தொடங்குவது?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். ஐப்பசியில் முதல் பிரசவம். மூன்று மாதம் ஏற்காட்டில் அம்மா வீட்டில் இருந்துவிட்டுத் தை மாதம் சேலம் திரும்புவேன். குழந்தைக்குத் துணி டயப்பர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். கடையில் பாக்கெட் டயப்பர் (உள்ளே உறிஞ்சுதுணி செருகப் பை வைத்துத் தைத்த துணி டயப்பர்) ஒரு டஜன் வாங்கச் சொல்கிறார்கள். மாமியாரோ பழைய வேட்டியே போதும் என்கிறார். சேலம் வீட்டில் போர் தண்ணீர்தான் அதிகம். எதை, எத்தனை வாங்கி வைப்பது? எப்படித் துவைப்பது?

பதில்: முதல் மூன்று மாதத்துக்கு உங்கள் மாமியார் சொல்வதே சரி. துணி எவ்வளவு ஈரம் குடிக்கிறது என்பதை மட்டும் பார்த்து டயப்பர் வாங்குகிறவர்கள், அது எவ்வளவு நேரத்தில் காயும் என்பதைப் பார்ப்பதில்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் சேர்ந்தால் கொடியில் போட்ட துணி காலையில் இருந்த ஈரத்தோடே மாலையிலும் தொங்கும். பாக்கெட் டயப்பருக்குள் வைக்கிற இன்சர்ட், அதாவது உறிஞ்சுதுணி, நான்கைந்து அடுக்காகச் சேர்த்துத் தைத்தது. அந்தக் குளிரில் இரண்டு நாளானாலும் அதன் நடு அடுக்கு காயாது. அரை ஈரத்தோடு மடித்து வைத்தால் முதலில் நாற்றம், அடுத்து ஊசிமுனை போன்ற கரும்புள்ளிகள். அது பூசணம், ஒருமுறை பிடித்தால் போகாது. அதே அளவு ஈரம் குடிக்கிற ஒற்றைத் துணியை மடித்துக் கட்டி, துவைத்தபின் விரித்துப் போட்டால் மழை நாளிலும் மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவில் காய்ந்துவிடும்.

ஆகவே ஏற்காட்டுக்கு ஒற்றைத் துணியும் மேலே போடும் கவரும். சேலம் திரும்பியபின், குழந்தை 5 கிலோவைத் தாண்டும்போது, பாக்கெட் டயப்பர். கடையில் சொல்லும் ‘5 முதல் 17 கிலோ’ அளவு டயப்பரைப் பிறந்த குழந்தைக்குப் போட்டால் தொடையைச் சுற்றி இடைவெளி விழும். எல்லாமே அந்த வழியாக வெளியே வரும். அதனால் இப்போதே ஒரு டஜன் வாங்குவது வீண்.

எண்ணிக்கைக்கு வருவோம். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 12 தடவை மாற்ற வேண்டியிருக்கும். தினமும் துவைத்தாலும், ஒரு நாளுக்கானது உடுத்த, ஒரு நாளுக்கானது கொடியில், ஒரு நாளுக்கானது கையிருப்பு என்று ஏற்காட்டில் 36 துணி வேண்டும். சேலம் வெயிலில் 24 போதும். மேலே போட, பிறந்த குழந்தை அளவில் 6 கவர். கவர் என்பது உள்பக்கம் நீர் புகாத பூச்சு கொடுத்த ஒற்றை அடுக்குத் துணி. மலம் படாவிட்டால் உள்பக்கத்தைத் துடைத்துக் காற்றாட வைத்து இரண்டு மூன்று தடவை திரும்பப் போடலாம்.

வேட்டியைக் கிழிப்பதற்கு முன் அது பருத்தியா என்று பாருங்கள். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீயில் காட்டினால் பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்தது உருகிக் கெட்டியான மணியாக உறையும். அது ஈரம் குடிக்காது, விட்டுவிடுங்கள். 4 முழ வேட்டியின் கரையை வெட்டிவிட்டால் ஏறக்குறைய 60 செ.மீ. சதுரமாக 6 துண்டு கிடைக்கும். 8 முழத்தில் 12. பழைய 8 முழ வேட்டி மூன்று இருந்தால் உங்கள் 36 துணியும் முடிந்தது. நான்கு ஓரத்தையும் கட்டாயம் மடித்துத் தைக்க வேண்டும். தைக்காத ஓரத்திலிருந்து பிரிகிற நூல் குழந்தையின் கால்விரலிலோ ஆண் குழந்தையின் குறியிலோ சுற்றி இறுகி இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடக்கூடும். குழந்தை காரணம் தெரியாமல் வீறிட்டு அழுதால் முதலில் விரல்களைப் பிரித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பல வருடம் துவைத்த வேட்டி உடனே ஈரம் குடிக்கும். புதுத் துணியில் கஞ்சியும் பருத்தியின் இயற்கை மெழுகும் இருப்பதால் தண்ணீர் மேலேயே நிற்கும். சுடுதண்ணீரில் சோப்புத்தூள் போட்டு ஐந்தாறு முறை துவைத்துக் காயவைத்த பிறகுதான் அது பழக்கத்துக்கு வரும். எட்டாம் மாதத்திலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

பீரோவிலிருந்தோ பெட்டியிலிருந்தோ எடுத்த துணி என்றால் இன்னொரு எச்சரிக்கை. அந்துருண்டை போட்டு வைத்த துணியைப் பிறந்த குழந்தைக்கு அப்படியே உடுத்தக் கூடாது. அந்துருண்டையில் உள்ள நாப்தலின், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கும். குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்பது பரிசோதிக்காமல் யாருக்கும் தெரியாது. அந்துருண்டை வாசனை அடிக்கிற துணியை ஒதுக்கிவிடுங்கள். குழந்தைத் துணி வைக்கிற அலமாரியில் அதைப் போடவே வேண்டாம்.

இனிக் கட்டும் முறை. முதல் ஓரிரு மாதம் மலம் தண்ணீராகப் போகும். அதைப் பிடித்து வைக்க முக்கோணக் கட்டுதான் நல்லது. சதுரத்தை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, நீளமான பக்கம் இடுப்புக்குப் பின்னால் வரும்படி விரியுங்கள். நடுவில் இன்னொரு பழைய பருத்தித் துணியை (இது அந்த 36 கணக்கில் சேராது) 10 செ.மீ. அகலப் பட்டையாக மடித்து வையுங்கள்; ஈரத்தில் பெரும்பங்கை இதுதான் குடிக்கும். குழந்தையைப் படுக்கவைத்து, கீழ் முனையைக் கால்களுக்கிடையே மேலே கொண்டுவந்து, இரண்டு சிறகுகளையும் முன்னால் சேர்த்துச் செருகுங்கள் அல்லது பக்கவாட்டில் முடிச்சிடுங்கள். ஊக்கு வேண்டாம். ஆண் குழந்தைக்குப் பட்டையின் முன்பக்கத்தை 5 செ.மீ. மடித்துத் தடிமனாக்குங்கள்; பெண் குழந்தைக்குத் தடிமன் நடுவிலும் பின்னாலும் இருக்கட்டும். மலம் ஒழுங்குக்கு வந்தபின் கட்டவே தேவையில்லை: துணியை நீளவாக்கில் நான்காக மடித்தால் 15 செ.மீ. அகலம், அதைப் பாதியாக மடித்தால் 30 செ.மீ. நீளத்தில் 8 மடிப்பு. அதைக் கவருக்குள் வைத்தாலே போதும்.

தொப்புள் கொடி விழ ஒன்றிரண்டு வாரமாகும். அதுவரை துணியும் கவரும் தொப்புளுக்குக் கீழே மடிந்திருக்க வேண்டும். ஈரத் துணி அதை மூடக் கூடாது. கவரின் எலாஸ்டிக் தொடையின் நடுவில் அல்லாமல், தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் உட்கார வேண்டும். இடுப்பில் இரண்டு விரல் நுழைகிற தளர்ச்சி இருக்கட்டும். கவரின் விளிம்பைத் தாண்டி உள்துணியின் ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்தாலும் அது திரிபோல ஈரத்தை இழுத்துச் சட்டையை நனைத்துவிடும். அரைஞாண் கயிறும் அப்படித்தான். கயிறு கவருக்குள் சிக்கினால் இடுப்பெல்லாம் நனையும், தோலும் தேயும். கயிறு கவருக்கு மேலே, தளர்வாக இருக்கட்டும்.

பிறந்த முதல் இரண்டு மூன்று நாள் மலம் கறுப்பாக, தார் மாதிரி ஒட்டும். அதற்கு நல்ல துணிகளை வீணாக்க வேண்டாம். தூக்கியெறியத் தக்க பழைய துணிகளை ஆஸ்பத்திரிப் பையில் வையுங்கள், அல்லது அந்த நாட்களுக்கு மட்டும் கடை டயப்பர் போடுங்கள். அதில் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை.

துவைப்பதில்தான் பெரும்பாலோர் மனம் விட்டுப்போகிறார்கள். அழுக்குத் துணியை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு வைக்காதீர்கள். நாற்றம் அங்கேதான் பிறக்கிறது. காற்றோட்டமான கூடையில் உலர்வாகப் போட்டு, அன்றன்றே துவையுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தையின் மலம் தண்ணீரில் கரையும். முதல் அலசலிலேயே போய்விடும், அந்தத் தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள்.

கையால் துவைப்பதென்றால்: பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்து சிறுநீரை வெளியேற்றுங்கள். 15 லிட்டர் வாளியில் கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீர், ஒன்றரை மேசைக்கரண்டி சோப்புத்தூள், அரை மணி நேரம் ஊறல். பிறகு கசக்கித் துவைத்து, நுரை முழுக்கப் போகும்வரை, குறைந்தது மூன்று தண்ணீர் அலசுங்கள். பருத்தித் துணியைக் கல்லில் அடிக்கலாம். கவரை அடிக்கவும் கூடாது, முறுக்கவும் கூடாது. நீர் புகாத பூச்சு உரிந்துவிடும். மெஷினில் என்றால் முதலில் குறுகிய சுற்று ஒன்று, பிறகு சோப்புத்தூளோடு 60 டிகிரியில் நீண்ட சுற்று. கவர்களை 40 டிகிரிக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். கம்ஃபோர்ட் போன்ற மென்மையூட்டி வேண்டவே வேண்டாம்; அது இழையின் மேல் படலமாகப் படிந்து ஈரம் புகாமல் தடுக்கும். கிருமிநாசினித் திரவமும் தேவையில்லை, தோலைத்தான் எரிக்கும்.

சேலம் திரும்பியதும் தண்ணீர்தான் உங்களுக்குச் சிக்கல். மேக்னசைட் என்ற வெள்ளைக்கல் வெட்டியெடுக்கிற ஊர் இது. பாறையில் ஊறிவரும் போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். கட்டிச் சோப்போடு அவை சேர்ந்தால் கரையாத வெள்ளைப் பிசுக்காகி இழைக்குள் அடைத்துக்கொள்ளும். துணி அப்பளமாக விறைக்கும். நாளாக ஆக ஈரம் குடிக்க மறுக்கும். வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க, ஒரு பாட்டிலில் மூன்றிலொரு பங்கு தண்ணீர் எடுத்துக் கட்டிச் சோப்பைச் சீவி ஒரு சிட்டிகை போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் தண்ணீர் பால்போலக் கலங்கினால் அது கடினநீர்.

அப்படியானால் இந்த வரிசையில் செலவழியுங்கள்: முதல் இரண்டு அலசலுக்கு உப்புத் தண்ணீர் போதும். சோப்புத்தூள் போடுகிற தண்ணீரும் அதற்கடுத்த அலசலும் குழாயில் வரும் மேட்டூர் தண்ணீராக இருக்கட்டும். சோப்பு போனபின் கடைசி அலசல் உப்புத் தண்ணீரானாலும் பாதகமில்லை. மேட்டூர் தண்ணீர் வராத நாளில் வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா சேர்த்துக் கரைத்தபின் சோப்புத்தூளைப் போடுங்கள். சலவை சோடா வேறு, ஆப்ப சோடா வேறு. ஆப்ப சோடாவால் இந்த வேலை ஆகாது. கட்டிச் சோப்பைத் தவிருங்கள்.

சேலம் வெயில் பருத்திக்கு நல்ல மருந்து. மலத்தின் மஞ்சள் கறையை ஈரத்தோடு வெயிலில் விரித்தால் தானாக வெளுக்கும். எலாஸ்டிக் உள்ள கவரை மட்டும் நிழலில் போடுங்கள். சித்திரை உச்சி வெயிலில் தினமும் காய்ந்தால் எலாஸ்டிக் செத்துவிடும். ஏற்காட்டில் காய வெயிலில்லாத நாளில் முக்கால் காய்ந்த துணியை இஸ்திரி போட்டு முடியுங்கள். விறகடுப்புப் புகையிலும் சாம்பிராணிப் புகையிலும் துணியைக் காட்டும் வழக்கத்தை இந்தக் குழந்தைக்கு விட்டுவிடுங்கள். பிஞ்சு நுரையீரலுக்கு எந்தப் புகையும் ஆகாது. தோட்டத்துப் பக்கம் கொடி கட்டியிருந்தால் மடிக்கும்முன் ஒவ்வொரு துணியையும் உதறுங்கள். எறும்பும் கம்பளிப்பூச்சியும் மடிப்பில் இருக்கும்.

கசிவு வந்தால் உடனே புதிது வாங்க ஓடாதீர்கள். காய்ந்த துணியில் ஒரு கரண்டி தண்ணீர் விடுங்கள். முத்து முத்தாக உருண்டு நின்றால் சோப்புப் பிசுக்கோ எண்ணெயோ படிந்திருக்கிறது. சோப்பில்லாத நல்ல தண்ணீரில் பருத்தித் துணியை மட்டும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, நுரை வருவது நிற்கும்வரை அலசுங்கள். தண்ணீர் உடனே இறங்கினால் துணியில் குறையில்லை. கட்டியது சரியில்லை, அல்லது மாற்ற நேரமாகிவிட்டது. பகலில் இரண்டு மூன்று மணிக்கொருமுறை, மலம் போனால் அந்த நிமிடமே மாற்ற வேண்டும். இரவில் பால் கொடுக்கும்போதெல்லாம் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் பட்டதும் மூக்கைத் துளைக்கிற நெடி வந்தால், அலசல் போதாமல் உள்ளே தங்கிய கிருமிகள் யூரியாவை அமோனியாவாக்குகின்றன என்று பொருள். மருந்து, கூடுதலாக ஓர் அலசலும் அளவு குறையாத சோப்புத்தூளும்தான்.

புண்ணுக்குத் துத்தநாகக் களிம்பு தடவினால் அதன்மேல் ஒரு மெல்லிய பழைய துணியைப் போட்டுவிட்டு டயப்பர் கட்டுங்கள். இல்லாவிட்டால் களிம்பு துணியில் படிந்துவிடும். பவுடர் வேண்டாம், அந்தத் தூள் மூச்சில் போகும். தோல் மடிப்புகள் பளிச்சென்று சிவந்து, சுற்றிலும் சிறு சிவப்புப் புள்ளிகள் பரவினால் அது பூஞ்சைத் தொற்று. டாக்டர் தரும் மருந்தில்தான் ஆறும்.

துணி டயப்பரில் ஒரு பெரிய லாபம், குழந்தையின் நலம் கண்ணுக்குத் தெரிவது. ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு 6 தடவையாவது நன்றாக நனைக்க வேண்டும். நனைத்தால் பால் போதுகிறது. முதல் ஓரிரு நாளில் செங்கல் நிறக் கறை தெரிவது இயல்பு, ஐந்தாம் நாளுக்குப் பிறகும் தெரிந்தால் காட்டுங்கள். பிறந்த குழந்தையின் சிறுநீர் துணியில் மஞ்சள் கறை பிடித்தாலோ, மலம் சுண்ணாம்புபோல வெளுத்துப் போனாலோ அன்றே டாக்டரிடம் போக வேண்டும். கல்லீரல், பித்தநாளக் கோளாறின் அறிகுறி அது.

6, 10, 14 வாரத் தடுப்பூசிக்கு மலையிறங்குவீர்களானால் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தி மாற்றுவது சிரமம். கிளம்புகிற நிமிடத்தில் மாற்றிவிட்டு, மடித்துத் தயாராக வைத்த நான்கு துணி, இரண்டு கவர், ஈரத் துணிக்கு ஜிப் வைத்த நீர் புகாத பை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தையில் சேலம் வந்தபின் பாக்கெட் டயப்பர் இரண்டை மட்டும் வாங்கி ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். தொடையில் சரியாக உட்கார்ந்தால் எட்டு வரை சேர்க்கலாம். மைக்ரோஃபைபர் என்ற செயற்கை இழை இன்சர்ட் கொடுத்தால் அது டயப்பரின் பைக்குள்ளேயே இருக்கட்டும். நேரடியாகத் தோலில் பட்டால் தோலின் ஈரத்தையும் உறிஞ்சி வறட்டும். உள்ளே வைக்க உங்கள் வேட்டித் துணியே அதைவிட நல்லது, காயவும் சுலபம்.