வடக்குச் சுவரில் நிற்பது யார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பெரம்பூரில் இருக்கிறேன். சாமி கும்பிடும் வழக்கமே இல்லாத வீட்டில் வளர்ந்தவன். திருமணத்துக்குப் பிறகு மனைவியோடு கோயில்களுக்குப் போகிறேன். ஒரு சிவன் கோயிலில், வடக்குச் சுவரில் சங்கு சக்கரத்தோடு நின்ற சிலையைப் பெருமாள் என்று நினைத்துக் கும்பிட்டேன். துர்க்கை என்றார் மனைவி. யூடியூபில் பார்த்தால் பிள்ளையாருக்கு இரண்டு மனைவியர், முருகன்தான் அண்ணன் என்கிறார்கள். இங்கே நேர்மாறாகச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? எல்லாத் தெய்வங்களும் அடங்கிய பட்டியல் கிடைக்குமா?

க., பெரம்பூர்

அன்புள்ள க.,

பட்டியல் வேண்டாம். பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு போனாலும், விளக்கொளியில் சிலைமுன் நிற்கும்போது ஒன்றும் பொருந்தாது. ஒரே ஒரு சிவன் கோயிலை எடுத்துக்கொண்டு அதையே நாலைந்து முறை நிதானமாக வலம் வாருங்கள். யாரை எங்கே வைப்பது என்பதற்கு ஆகம வழக்கு, அதாவது கோயில் விதிநூல்களின் வழக்கு இருக்கிறது. இடத்தை வைத்தே பாதிப் பேரை அடையாளம் கண்டுவிடலாம்.

கிழக்கு நோக்கிய கோயிலாக இருந்தால் முதல்முறைக்கு எளிது. உங்களுக்குத் திருவொற்றியூர் பக்கம்தான். கருவறைச் சுவரின் மாடங்களைக் கோஷ்டம் என்பார்கள். வலம் தொடங்கியதும் தெற்குச் சுவரில் முதலில் பிள்ளையார், அடுத்து தட்சிணாமூர்த்தி. பின்புறம் மேற்கில் பெரும்பாலும் லிங்கோத்பவர்: தூணுக்குள் சிவன், மேலே அன்னமாகப் பறக்கும் பிரம்மா, கீழே பன்றியாக மண்ணைத் தோண்டும் திருமால். வடக்கில் பிரம்மா, துர்க்கை. பிரம்மாவுக்கு நான்கு முகம் என்றாலும் முன்னிருந்து மூன்றுதான் தெரியும். அபிஷேக நீர் வெளிவரும் கோமுகியின் அருகே தனிச் சன்னதியில் தெற்கு பார்த்து உட்கார்ந்திருப்பவர் சண்டிகேசுவரர், 63 நாயன்மாரில் ஒருவர். அவர்முன் ஓங்கிக் கை தட்டுவதும் ஆடையிலிருந்து நூல் பிய்த்துப் போடுவதும் தவறு. அவர் தியானத்தில் இருப்பவர்.

இதே வரிசையை நம்பி மயிலாப்பூருக்குப் போனால் குழம்புவீர்கள். கபாலீசுவரர் மேற்கு நோக்கியவர், திருவான்மியூர் மருந்தீசுவரரும் அப்படித்தான். அங்கே வலம் வரும்போது வடக்குச் சுவர் முதலில் வரும், தெற்குச் சுவர் கடைசியில். ஆகவே 'இடப்பக்கம், வலப்பக்கம்' என்று நினைவு வைக்காதீர்கள், திசையை வைத்துக்கொள்ளுங்கள். தட்சிணாமூர்த்தி பெரும்பாலும் தெற்கு நோக்கித்தான் இருப்பார்.

இப்போது உங்கள் துர்க்கை. மேல்கைகளில் சங்கும் சக்கரமும் ஏந்திய துர்க்கையை மாமல்லபுரத்துப் பல்லவர் சிற்பங்களிலேயே பார்க்கலாம். திருமாலின் தங்கை என்பதால் அண்ணனின் ஆயுதங்கள் அவள் கையிலும் இருக்கின்றன. காலடியைப் பாருங்கள், எருமைத் தலை இருந்தால் துர்க்கை. சிக்கல் என்னவென்றால், பாவாடை கட்டிவிட்டால் அந்தத் தலை மறைந்துவிடும். அப்போது வடக்குக் கோஷ்டம் என்ற ஒன்றே போதும். உங்கள் ஊகமும் முற்றிலும் ஆதாரமற்றதல்ல. சில கோயில்களில் மேற்குக் கோஷ்டத்தில் லிங்கோத்பவருக்குப் பதில் திருமாலே நிற்பார்.

இன்னொரு குழப்பம் சென்னைக் கோயில்களில் மிகவும் பரவியிருக்கிறது. வியாழக்கிழமை தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்துகிறார்கள். அது நவக்கிரகத்தில் இருக்கும் குருவுக்கு, அதாவது பிரகஸ்பதிக்கு உரியது. தட்சிணாமூர்த்தி சிவனேதான்: ஆலமரத்தடி, கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த சின்முத்திரை, வலக்காலின் கீழ் முயலகன் என்ற குள்ள அசுரன், சுற்றிலும் சீடர்களான சனகாதி முனிவர்கள். குருபகவான் தேவர்களின் ஆசிரியர், கிரகம். இந்த இருவரையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் நிறைய விஷயம் தெளிந்துவிடும்.

தனிச் சன்னதிகளில் எதிரே இருக்கும் வாகனத்தைப் பாருங்கள். நந்தி என்றால் சிவன், கருடன் என்றால் பெருமாள், மூஞ்சூறு என்றால் பிள்ளையார். மயில் என்றால் முருகன். ஆனால் திருத்தணியில் முருகன் எதிரே யானை நிற்கும், திகைக்காதீர்கள்.

கைகளையும் ஆயுதங்களையும் கோயிலில் கற்றுக்கொள்வது கடினம். உற்சவர், அதாவது ஊர்வலம் வரும் செப்புத்திருமேனி, பட்டுக்கும் மாலைக்கும் உள்ளே இருப்பார், முகம் மட்டுமே தெரியும். அதற்கு எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடம்தான் சரி. வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே திருவாலங்காட்டு நடராசர் முன் நேரம் செலவழியுங்கள். மேல் வலக்கையில் உடுக்கை, மேல் இடக்கையில் நெருப்பு, கீழ் வலக்கை அபயம், கீழ் இடக்கை தூக்கிய இடது பாதத்தைச் சுட்டும். பாதி சிவன், பாதி பார்வதியான திருவெண்காட்டு அர்த்தநாரியையும் விடாதீர்கள். உடலின் இரு பாதிகளும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று தேடிப் பாருங்கள். பிரியும் கோடு தெரியாதபடி வார்த்திருக்கிறார்கள்.

யூடியூப் சொல்வது பொய்யல்ல, வடநாட்டு வழக்கு. அங்கே கணபதிக்குச் சித்தி, புத்தி என்று மனைவியர் உண்டு, கார்த்திகேயன் மூத்தவர், பல இடங்களில் பிரம்மசாரி. இங்கே பிள்ளையார் அண்ணன், பிரம்மசாரி; முருகனுக்கு வலப்பக்கம் வள்ளி, இடப்பக்கம் தெய்வானை. இரண்டையும் ஒரே குடும்ப வரைபடத்தில் அடைக்கப் பார்த்தால் முடியாது. எந்த ஊர்க் கதை என்று பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூர் முண்டகக்கண்ணி அம்மன் போன்ற தெய்வங்களுக்கு அந்த வரைபடம் தேவையே இல்லை. அவர்கள் அந்தந்த ஊரின் தாய்கள். பார்வதியின் அம்சம் என்று சொல்வார்கள், ஆனால் அவர்களை அந்த மண்ணில் வைத்துப் பார்ப்பதே சரி.

பெருமாள் கோயிலுக்கு அவசரப்பட வேண்டாம். சிவன் கோயில் பிடிபட்ட பிறகு திருவல்லிக்கேணிக்குப் போங்கள். கருவறையில் இருக்கும் மூலவர் வேங்கடகிருஷ்ணர் மீசையோடு நிற்கிறார், கையில் சங்கு மட்டும், சக்கரம் இல்லை. உற்சவர் பார்த்தசாரதியின் முகத்தில் உள்ள வடுக்கள் பீஷ்மரின் அம்பு பட்டவை என்பார்கள். பாரதப் போரில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தேர் ஓட்டியவர் அவர். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள்.