வாசகர் கேள்விகள்: அங்கியோடு தெருவில் நின்றவர்கள்

(அமெரிக்காவின் செல்மா ஊர்வலத்தின் பழைய புகைப்படம் ஒன்றைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தோம். அதைப் பார்த்து வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில்.)

கேள்வி: படத்தில் கறுப்பின மக்களோடு வெள்ளைக்காரப் பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் நிற்கிறார்களே, இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: கூப்பிட்டார்கள், வந்தார்கள். 1965 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை. அலபாமா மாநிலத்தில் செல்மா என்ற ஊரில் ஓட்டுரிமை கேட்டு நடந்துபோன சுமார் 600 பேரை, எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைத் தாண்டியதும் மாநிலப் போலீசும் ஷெரீஃப் ஜிம் கிளார்க்கின் ஆட்களும் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் அடித்துத் துரத்தினார்கள், அன்று இரவே நாடு முழுக்க டிவியில் அதைப் பார்த்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் உடனே எல்லா ஊர் மதகுருமார்களுக்கும் தந்தி அடித்தார், செவ்வாய்க்கிழமை எங்களோடு நடக்க வாருங்கள் என்று. இடையில் ஒரே ஒரு நாள். ஆனாலும் நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள்.

அந்த வாரம் பிரவுன் சேப்பல் தேவாலயம் இருக்கும் தெருவில் போலீஸ் குறுக்கே ஒரு கயிறு கட்டியது. துணி காயப்போடுகிற கொடிக்கயிறுதான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஹெல்மெட்டும் தடியுமாகப் போலீஸ், இந்தப் பக்கம் ஊர் ஜனங்களோடு பாதிரிமார், ரபிகள் என்ற யூத மதகுருக்கள், செயின்ட் லூயிஸிலிருந்து வந்த கன்னியாஸ்திரிகள். மழையிலும் நகரவில்லை. அந்தக் கயிற்றுக்கு ‘பெர்லின் சுவர்’ என்று பேர் வைத்துப் பாட்டாகவே பாடினார்கள். வந்தவர்களுக்குப் படுக்க இடமும் சாப்பாடும் கொடுத்தது பக்கத்துக் குடியிருப்பில் இருந்த கறுப்பினக் குடும்பங்கள். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். காப்பாற்ற வந்தவர்கள் என்று இவர்களைச் சொல்லிவிட முடியாது, அந்த வீடுகளை நம்பித்தான் இவர்கள் அங்கே இருந்தார்கள்.

கேள்வி: ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் செத்த பிறகுதான் அரசாங்கம் அசைந்தது என்கிறார்கள். உண்மையா?
(கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: முழு உண்மை இல்லை, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைப் படங்களே நாட்டை உலுக்கிவிட்டன. ஆனால் இந்தக் கேள்விக்குள் இருக்கும் கசப்பு நியாயமானது.

பிப்ரவரி 18 இரவு, செல்மாவுக்குப் பக்கத்தில் மேரியன் என்ற ஊரில், போலீஸ் அடிக்கு பயந்து மக்கள் ஒரு காபிக் கடைக்குள் ஓடினார்கள். அங்கே அம்மாவையும் 82 வயதுத் தாத்தாவையும் அடியிலிருந்து காக்கப் போன ஜிம்மி லீ ஜாக்சனை ஒரு மாநிலப் போலீஸ்காரர் வயிற்றில் சுட்டார். எட்டு நாள் கழித்து ஜாக்சன் இறந்தார். வயது 26. கறுப்பினத்தவர். செல்மாவிலிருந்து மாநிலத் தலைநகர் மான்ட்கோமரிக்கு நடந்தே போவோம் என்ற யோசனையே அந்தச் சாவிலிருந்துதான் பிறந்தது.

அப்புறம் மார்ச் 9. பாஸ்டனிலிருந்து தந்தியைக் கண்டு வந்த ஜேம்ஸ் ரீப், யூனிடேரியன் சபைப் போதகர், 38 வயது, நான்கு குழந்தைகளின் அப்பா, கறுப்பினத்தவர் நடத்திய சாப்பாட்டுக் கடையில் இன்னும் இரண்டு போதகர்களோடு சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து நடக்கும்போது, வெள்ளையர் சிலர் தடியால் அவர் மண்டையில் அடித்தார்கள். இரண்டு நாளில் அதே அலபாமாவின் பர்மிங்காம் நகர ஆஸ்பத்திரியில் உயிர் போனது. ஜனாதிபதி ஜான்சன் ரீப்பின் மனைவிக்கு போன் செய்தார், மஞ்சள் ரோஜாக்கள் அனுப்பினார். ஜாக்சனின் அம்மாவுக்கு போனும் இல்லை, பூவும் இல்லை. மார்ச் 15 அன்று நாடாளுமன்றத்தில் ஜான்சன் பேசிய புகழ்பெற்ற உரையிலும் ரீப்பின் சாவுதான் இடம்பெற்றது.

இதற்காக ரீப் மேல் கோபப்பட வேண்டியதில்லை. துக்கத்தைக்கூட தோல் நிறம் பார்த்து அளந்த நாட்டின் மேல்தான் கோபம் வர வேண்டும். ரீப்புக்கு அஞ்சலி செலுத்திப் பேசிய கிங், கொன்றது யார் என்பதோடு நிற்காமல், கொன்றது எது என்று கேட்டார். முன்விளக்காக இருக்க வேண்டிய திருச்சபை வண்டியின் பின்விளக்காக இருந்துவிட்டது என்றார்.

கேள்வி: எல்லா வெள்ளைக்காரப் பாதிரியார்களும் இப்படித்தானா?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: இல்லவே இல்லை. 1963 ஏப்ரலில் பர்மிங்காமில் கிங் கைதான அதே சமயத்தில், அந்த மாநிலத்தின் எட்டு வெள்ளை மதகுருமார்கள், அவர்களில் ஒருவர் ரபி, சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஓர் அறிக்கை விட்டார்கள். போராட்டம் இப்போது வேண்டாம், இது நேரமில்லை, போலீஸ் அமைதியாக நடந்துகொண்டதற்குப் பாராட்டுகள். சாரம் இதுதான். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், நிறவெறிக் கும்பலை எதிர்த்தும் பேசியவர்கள் அவர்களில் உண்டு. ஆனால் அவர்கள் பாராட்டியது யாரை?

கிங் சிறையிலேயே, கையில் கிடைத்த செய்தித்தாளின் ஓரத்தில் பதில் எழுத ஆரம்பித்தார். ஆயுதமில்லாத கறுப்பர்கள் மேல் போலீஸ் நாய்கள் பாய்ந்து கடித்ததைப் பார்த்திருந்தால், சிறைக்குள் எங்களை நடத்தும் விதத்தைப் பார்த்திருந்தால், இவ்வளவு மனமுவந்து பாராட்டியிருப்பீர்களா என்று அதில் கேட்டார்.

கேள்வி: வெளியூரிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போய்விடலாம். உள்ளூர் வெள்ளையர் யாரும் நிற்கவில்லையா?
(ஆசிரியை, மதுரை)

பதில்: நின்றார்கள், கொஞ்சம் பேர். பாலத்தில் அடி விழுந்ததற்கு முந்தைய நாள், மார்ச் 6, ஜோசப் எல்வாங்கர் என்ற லுத்தரன் போதகர் அலபாமா வெள்ளையர் எழுபது பேர் போலக் கூட்டிக்கொண்டு செல்மா நீதிமன்ற வாசல் வரை நடந்தார். பர்மிங்காமில் கறுப்பினச் சபை ஒன்றின் போதகராக இருந்த வெள்ளையர் அவர். வழியெல்லாம் வெள்ளையர் கூட்டம் நின்று வசைபாடியது. சொந்த ஊர்க்காரன் முகத்துக்கு நேரே திட்டும்போது நடப்பது வேறு விதமான கஷ்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: இப்போதும் இப்படி யாராவது நிற்கிறார்களா?
(வாசகர், சேலம்)

பதில்: நிற்கிறார்கள். கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ்காரர் ஒருவர் கொன்ற பிறகு, 2020 ஜூன் 1 அன்று, வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள செயின்ட் ஜான்ஸ் தேவாலய முற்றத்தில் ஜினி ஜெர்பாசி என்ற பெண் பாதிரியாரும் கூட இருந்தவர்களும் போராட்டக்காரர்களுக்குத் தண்ணீரும் முதலுதவியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ் புகையோடும் கேடயத்தோடும் வந்து அவர்களையும் சேர்த்தே விரட்டியது. கொஞ்ச நேரத்தில் அன்றைய ஜனாதிபதி டிரம்ப் அதே தேவாலயத்தின் முன் பைபிளோடு படம் எடுத்துக்கொண்டார்.

கேள்வி: கொன்றவர்களுக்குத் தண்டனை கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றால் இத்தனை பேர் நின்றதில் என்ன பலன்?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: ரீப் வழக்கில் மூன்று பேரும் விடுதலை. ஜாக்சனைச் சுட்ட போலீஸ்காரர் மேல் 2007-இல்தான் வழக்குப் பதிவானது, 2010-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஆறு மாதச் சிறை. 45 வருஷம் கழித்து!

பலன் பற்றிக் கேட்டீர்கள். ஓட்டுரிமைச் சட்டம் 1965 ஆகஸ்ட் 6-இல் வந்துவிட்டது. அதற்கு இரண்டு வாரம் கழித்து அதே அலபாமாவில் ஹேன்வில் என்ற ஊரில் போராட்டக்காரர் சிலரை ஆறு நாள் சிறைக்குப் பிறகு திடீரென்று வெளியே விட்டார்கள். ஒரே வெயில். நான்கு பேர் பக்கத்துக் கடைக்குக் குளிர்ச்சியாக ஏதாவது குடிக்கப் போனார்கள்: ஜொனாதன் டேனியல்ஸ் என்ற வெள்ளை இறையியல் மாணவர், சிகாகோவின் கத்தோலிக்கப் பாதிரியார் ரிச்சர்ட் மாரிஸ்ரோ, இரண்டு கறுப்பினப் பெண்கள். கடை வாசலில் துப்பாக்கியோடு நின்றவர் சம்பளமில்லாத சிறப்புக் காவலர். அவர் ரூபி சேல்ஸ் என்ற 17 வயதுப் பெண்ணைக் குறிவைத்ததும் டேனியல்ஸ் அவளைத் தள்ளிவிட்டுக் குண்டைத் தான் வாங்கிக்கொண்டார். அவருக்கும் 26 வயதுதான், ஜாக்சனைப் போல. மாரிஸ்ரோ முதுகில் குண்டு பாய்ந்தும் பிழைத்தார். சுட்டவர் தற்காப்புக்காகச் சுட்டேன் என்றார், வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுவித்தது.

ரூபி சேல்ஸுக்கு மாதக்கணக்கில் வாய் பேச வரவில்லை. கொலை மிரட்டல் வந்தும் நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொன்னார். பிற்பாடு டேனியல்ஸ் படித்த அதே இறையியல் கல்லூரியில் சேர்ந்து படித்தார்.