சாமி இல்லாத ஊரில் பூசாரிக்கு என்ன வேலை?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கற்பனை உலக ரோல்பிளே விளையாட்டு ஆடுகிறோம். நடத்துவது நான். உலகமும் நான் உருவாக்கியதுதான். அதில் கடவுள் இல்லை, இருந்ததும் இல்லை. இப்போது ஒரு நண்பர் பூசாரியாகத்தான் ஆடுவேன் என்கிறார். காயம் ஆற்றுவது, பேய் விரட்டுவது எல்லாம் விதிப்புத்தகத்தில் பூசாரிக்குத் தெய்வம் கொடுப்பது. அதனால் 'பிரபஞ்ச சக்தி' கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டேன். நண்பருக்குத் திருப்தி. எனக்கு என்னவோ இடிக்கிறது. பேசாமல் பூசாரியையே தூக்கிவிடலாமா? (பெயர் போட வேண்டாம். அம்மா உங்கள் பத்திரிகை படிப்பார்.)
– ஒரு வாசகர், நாகமலை புதுக்கோட்டை

பதில்: சரியாகத்தான் இடிக்கிறது. கடவுளை வெளியே அனுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் பிரபஞ்ச சக்தியை உட்கார வைத்திருக்கிறீர்கள். காலை வணக்கத்தோடு தினமும் வாட்ஸப்பில் வருகிறதே, அதே சக்திதான். அது எதையும் கேட்காது, கோபப்படாது, கொடுத்ததைத் திருப்பி வாங்காது. மீட்டர் இல்லாத கரண்ட். அந்தக் கரண்டில் ஓடுகிற பூசாரிக்கும், பக்கத்தில் நெருப்பு உருண்டை வீசிக்கொண்டிருக்கும் மந்திரவாதிக்கும் வேட்டி ஒன்றுதான் வித்தியாசம்.

சக்தி எங்கிருந்து வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வதை விடுங்கள். கொடுத்ததை யார் பிடுங்க முடியும்? அதைச் சொல்லுங்கள், பூசாரி தானாக எழுந்து நடப்பார்.

பூசாரியைத் தூக்கிவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. 1974இல் இந்த வகை ஆட்டங்களுக்கு முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது அதில் மூன்று தொழில்கள்தான்: போர்வீரர், மந்திரவாதி, பூசாரி. அந்தப் பூசாரி பிறந்ததும் வேதாந்த விசாரத்தில் அல்ல. அதற்கு முன்பே, அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னசன் நடத்திய ஆட்டத்தில் ஒருவருடைய பாத்திரம் ரத்தக்காட்டேரியாக மாறி மற்றவர்களை ஆட்டிப்படைத்தது. அதை அடக்க ஓர் ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். பழைய விதியைப் பாருங்கள்: முதல் லெவல் பூசாரிக்கு மந்திரம் ஒன்றுகூடக் கிடையாது. பேயை மட்டும் விரட்டலாம். ஆனால் கூர்மையான ஆயுதம் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடு முதல் நாளே வந்துவிடுகிறது. மந்திரத்துக்கு முன்னால் விரதம். நம் ஊர்த் திருவிழாவில் காப்புக் கட்டிக்கொண்டவரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

உங்களைப் போலவே கடவுளைக் கழித்துப் பார்த்தவர்கள் உண்டு. அதே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக 1991இல் வந்த டார்க் சன் என்ற பாலைவன உலகத்தில் தெய்வம் கிடையாது. பூசாரிகள் நிலம், நீர், நெருப்பு, காற்று இவற்றை நம்பி மந்திரம் பெறுகிறார்கள். எனக்குப் பிடித்தது அங்கே இருக்கும் இன்னொரு கூட்டம். டெம்ப்ளர்கள் என்று பெயர். நகரத்தை ஆளும் சூனியக்கார அரசன்தான் இவர்களுக்கு மந்திரம் கொடுக்கிறான். வரி வசூல், காவல், சர்க்கார் ஆபீஸ் வேலை எல்லாம் இவர்கள் கையில். அரசன் போனால் மந்திரமும் போச்சு. ரப்பர் ஸ்டாம்பு வைத்திருக்கும் அதிகாரியைப் பார்க்க நாள் முழுக்க வரிசையில் நின்ற யாருக்கும் இந்தப் பூசாரியை விளக்க வேண்டியதில்லை. 2004இல் வந்த எபெரான் என்ற இன்னொரு ஆட்ட உலகத்தில் தெய்வம் உண்டா என்று யாருக்கும் நிச்சயமில்லை, தப்புத்தண்டா செய்கிற பூசாரிக்கும் மந்திரம் பலிக்கும். கதைக்கு அது நல்ல இடம். உங்கள் சிக்கலுக்கு உதவாது, அங்கே பிடுங்க ஆளில்லை.

இவ்வளவு தூரம் போவானேன்? நீங்கள் இருப்பது நாகமலை புதுக்கோட்டை. பக்கத்தில் கீழக்குயில்குடி சமணர் மலை. வரம் கொடுக்கிற கடவுளை நம்பாத துறவிகள் அங்கே வாழ்ந்தார்கள். பாறையில் செதுக்கியிருக்கும் தீர்த்தங்கரரிடம் போய் எதைக் கேட்டாலும் அவர் தரமாட்டார்; விருப்பு வெறுப்பை விட்டவர் வரம் கொடுக்க மாட்டார் என்பதுதான் அந்தச் சமயத்தின் கணக்கு. கேட்டே ஆக வேண்டியவர்கள் இயக்கி என்ற காவல் பெண்தெய்வத்திடம் போனார்கள். படைத்தவன் என்று ஒருவனை வைக்காமல், நோன்பை மட்டும் வைத்து ஒரு பெரிய சமயம் நடந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, கடவுள் இல்லாமல் பூசாரியை என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்!

இன்னும் பழைய சரக்கு ஒன்று இருக்கிறது. மந்திரம் என்றால் என்ன என்று தொல்காப்பியம் சொல்கிறது: 'நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப.' தேடிப் பாருங்கள், இந்த வரியில் தெய்வம் இல்லை. மனிதர் இருக்கிறார். சொன்ன சொல் பழுதாகாதவர், அவருடைய ஆணை. உங்கள் உலகத்துக்கு இந்த ஒரு வரி போதும். பூசாரியின் சொல் பலிப்பதற்குக் காரணம், அவர் சொல் எதுவும் இதுவரை பொய்யானதில்லை. பொய் சொன்னால் மந்திரம் போய்விடும்.

என் சின்ன வயதில் திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரில் தேள்கடிக்கு மந்திரிக்கும் தாத்தா ஒருவர் இருந்தார். (இன்றைக்குத் தேள் கொட்டினால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.) சித்தியைக் கொட்டிய ராத்திரி அவர் வந்து, வேப்பங்கொத்தால் தொடையிலிருந்து கீழ்நோக்கித் தடவினார். உதடு மட்டும் அசைந்தது. "கடுப்பு எங்கே நிக்குது?" "முழங்கால்ல." மறுபடி தடவினார். "இப்ப?" "கரண்டைக்கால்ல." அந்த முணுமுணுப்பில் எந்தச் சாமியின் பேர் இருந்தது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவருடைய கட்டுப்பாடு எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கும் அத்துப்படி. காசு வாங்க மாட்டார். அந்த வீட்டில் பச்சைத்தண்ணிகூடக் குடிக்க மாட்டார். எந்நேரம் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்று சொல்லக் கூடாது. ஒரு தடவை யாரோ நன்றிக் கடனுக்கு அவர் துண்டு முனையில் தெரியாமல் ஒரு ரூபாயை முடிந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் வந்து அதைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனவர், அடுத்த கிரகணம் வரைக்கும் யாருக்கும் மந்திரிக்கவில்லை. கிரகணத்தன்று கண்மாய்த் தண்ணீரில் கழுத்தளவு நின்று உருப்போட்டு வந்த பிறகுதான் மறுபடி கொத்தைக் கையில் எடுத்தார். தெய்வம் யார் என்று தெரியவில்லை. எதைச் செய்தால் போகும், எப்படித் திரும்ப வரும் என்று மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. உங்கள் விதிப்புத்தகத்துக்கு வேண்டியது அதுதான்.

அப்புறம், ஆட்டத்தில் இதை எப்படி வைப்பது? போன வருடம் அண்ணன் மகன் நடத்திய ஆட்டத்தில் ஆள் குறைகிறது என்று என்னை இழுத்து உட்கார வைத்தான். நான் பூசாரி. பொய் சொல்லக்கூடாது என்ற விதியை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அரைமணி நேரத்தில் என் கூட்டாளிகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் குசுகுசு என்று திட்டம் போட ஆரம்பித்தார்கள். 'சித்தப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கடா.' நெற்களஞ்சியத்தில் எங்கள் திருடன் ஒளிந்திருக்க, காவல்காரன் என்னைப் பார்த்து, "உள்ளே யாராவது இருக்காங்களா சாமி?" என்றான். சும்மா இருந்தால் சந்தேகம். ஆமாம் என்றால் திருடன் மாட்டுவான். இல்லை என்றால், ராத்திரி அவன் காயத்தை ஆற்ற என்னிடம் ஒன்றும் இருக்காது. நான் சொன்னேன்: "களஞ்சியத்துல எலி இருக்கு." எலியும் இருந்தது என்று வையுங்கள். பத்து நிமிஷம் மாடியே இரண்டுபட்டது, அது பொய்யா இல்லையா என்று.

இந்த இடத்தில்தான் நீங்கள் உஷாராக இருக்க வேண்டும். அது பொய்யா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சொன்னால், காலியாக வைத்திருக்கும் நாற்காலியில் நீங்களே போய் உட்கார்ந்துவிடுவீர்கள். கடவுள் இல்லாத உலகத்துக்குக் கடவுள் கிடைத்துவிடுவார், அதுவும் மாதாமாதம் விதியை மாற்றுகிற கடவுள். பூசாரியாக ஆடுகிறவரையே கேளுங்கள்: "நீ சொன்னது பொய்யா?" அவர் சொல்வதுதான் முடிவு. என்னை அண்ணன் மகன் அப்படித்தான் கேட்டான். கொஞ்சம் யோசித்து, பொய்தான் என்று ஒப்புக்கொண்டேன். ஏமாற்றத்தானே சொன்னேன்.

போன சக்தியைத் திரும்பக் கொடுப்பதற்குக் கிரகணம் வரைக்கும் காத்திருக்க வைத்தால் நண்பர் ஆட்டத்தை விட்டே போய்விடுவார். யாரிடம் பொய் சொன்னாரோ அவரிடமே போய் உண்மையைச் சொல்லட்டும். அதற்குள் காவல்காரன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தால் இன்னும் நல்லது. இரண்டு ஞாயிறுக்கு உங்களுக்குக் கதை கிடைக்கும். எங்களுக்கு மூன்று ஞாயிறு ஓடியது.

பேய் விரட்டுவதற்கும் இதே சூத்திரம் பொருந்தும். கோடாங்கி உடுக்கை அடித்து என்ன கேட்கிறார்? நீ யார், எந்த ஊர், எப்படிச் செத்தாய். பேயின் பேரையும் செத்த விதத்தையும் விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதன் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லத் தெரிந்தால் அது விலகும்; தெரியாமல் உளறினால் விலகாது. பகடையை அப்புறம் உருட்டிக்கொள்ளலாம்.

பொய் சொன்னால் போய்விடும் என்பது தவிர, காயம் ஆற்றுவது, வெளிச்சம் உண்டாக்குவது மாதிரிச் சில்லறை மந்திரங்களை விதிப்புத்தகத்தில் இருக்கிறபடியே விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தத்துவம் எழுத ஆரம்பித்தால் ஆடப்போவது எப்போது?

அம்மாவைப் பற்றிய கவலை வேண்டாம். கடவுள் இல்லாத உலகம் என்பதற்காக அவர் திட்டுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. வடகம் காயப் போட்ட இடத்தில் உட்கார்ந்தால் திட்டுவார். மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் ஒரு பழந்துணியை அடைத்துவிட்டு ஆடுங்கள். எங்கள் வீட்டில் இருபது பக்கப் பகடை இரண்டு அதற்குள்தான் கிடக்கின்றன.