திறமூல மென்பொருள் சமூகங்களுக்குப் புதிதாக வருபவர்கள் தங்கள் தொழில்நுட்பச் சிக்கலுக்கு விடை கண்டடைய அனுபவம் உள்ளவர்கள் எப்படி உதவ வேண்டும்?

விடையைச் சொல்லும்போது, அந்த விடைக்கு நாம் எந்த வழியாக வந்து சேர்ந்தோம் என்பதையும், அது எந்தப் பதிப்புக்கு உரியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டெபியன் லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுகிறவர்களுக்குச் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். நான் செய்த ஒரு தவறுதான் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2022-இல் ஒரு கல்லூரி மாணவர் தம் மடிக்கணினியில் டெபியன் 11 நிறுவிவிட்டு, "வைஃபை வேலை செய்யவில்லை, என்ன செய்வது?" என்று மட்டும் கேட்டிருந்தார். டிமெசெக் என்ற கட்டளையை இயக்கி, வரும் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிவை அனுப்பச் சொன்னேன். ஐடபிள்யூஎல்வைஃபை என்று தொடங்கும் ஒரு ஃபர்ம்வேர் (வன்பொருள் இயங்குவதற்காக அதற்குள் ஏற்றப்படும் மென்பொருள்) கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை -2 என்று அதில் ஒரு வரி இருந்தது. கர்னலின் கணக்கில் -2 என்றால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பொருள். கட்டற்ற உரிமத்தில் இல்லாத ஃபர்ம்வேரை டெபியன் 11-இன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை என்பது அப்போதைய கொள்கை. ஆகவே பொதி (மென்பொருள் தொகுப்பு) மூலங்களின் பட்டியலில், அத்தகையவற்றுக்கான நான்-ஃப்ரீ பிரிவைச் சேர்த்து, பொதிகளை நிறுவும் ஆப்ட் நிரலின் பட்டியலைப் புதுப்பித்து, உரிய பொதியை நிறுவும்படி மூன்று வரிகள் எழுதிக் கொடுத்தேன். வைஃபை வந்துவிட்டது, அவர் நன்றி சொன்னார், நானும் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

2023 ஜூனில் டெபியன் 12 வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டு டெபியன் உருவாக்குநர்கள் நடத்திய வாக்கெடுப்பின் முடிவுப்படி, அந்தப் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேர் அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே இடம்பெற்றது. அதோடு, நான்-ஃப்ரீ பிரிவில் இருந்த ஃபர்ம்வேர் பொதிகள் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற புதிய பிரிவுக்கு மாற்றப்பட்டன. 11-இலிருந்து 12-க்கு மேம்படுத்திய ஒரு பெண், பழுதான வைஃபை அட்டைக்குப் பதிலாக வேறொன்றைப் பொருத்தியபின், கைப்பேசியின் இணையத்தை யூஎஸ்பி கம்பி வழியாகப் பெற்றுக்கொண்டு தேடியபோது என் மூன்று வரிகள் அவர் கண்ணில் பட்டிருக்கின்றன. ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியே தட்டச்சு செய்திருக்கிறார். அந்தப் பொதி கிடைக்கவில்லை என்று ஆப்ட் சொல்லிவிட்டது. "நான் எந்த இடத்தில் தப்புச் செய்தேன்?" என்று என்னிடம் கேட்டார். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்தப் பதில் டெபியன் 11-க்கு உரியது என்று நான்தான் எழுதாமல் விட்டிருந்தேன். கோப்பின் பெயரைக் கொண்டு பொதியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அன்றே ஒரு வரி சேர்த்திருந்தால், டெபியன் தளத்தின் பொதித் தேடலில் கோப்புப் பெயரைக் கொடுத்து, அது இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதை அவரே பார்த்திருப்பார்.

இப்போது யார் கேட்டாலும் முதலில் அந்தப் பிழை வரியை உடன் இருந்து வாசித்துக் காட்டுகிறேன். கர்னல் பதிவில் வரியின் தொடக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது, கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து கழிந்த வினாடிகள். அதையடுத்து, அந்தச் சாதனம் அவருடைய கணினியில் எந்த இடத்தில் இணைந்திருக்கிறது என்பதைச் சொல்லும் எண்கள் வரும். இவை இரண்டும் அவர் கணினிக்கு மட்டுமே உரியவை என்பதால், முழு வரியையும் அப்படியே தேடுபொறியில் ஒட்டினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அவற்றையும், தம் பயனர் பெயர் வரும் கோப்புறைப் பாதையையும் நீக்கிவிட்டு, எல்லாருடைய கணினியிலும் ஒரே மாதிரி வரக்கூடிய சொற்களை மட்டும் மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால், அதே சிக்கலைச் சந்தித்தவர்கள் எழுதியது கண்ணில் படும். இதை ஒருமுறை செய்துகாட்டினால் போதும், அடுத்த சிக்கலில் அவர்களே செய்துவிடுகிறார்கள். கிடைக்கும் பதிலில் தேதியையும் பதிப்பு எண்ணையும் பார்த்த பிறகே கட்டளைகளை இயக்க வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறேன்.

தமிழர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு தடை உண்டு. க்னோம் பணிமேடை, லிப்ரெஆபிஸ் அலுவலகத் தொகுப்பு போன்றவற்றைத் தமிழ் இடைமுகத்தில் பயன்படுத்துகிறவர்களுக்குப் பிழைச் செய்தியும் தமிழில் வரலாம். அந்தச் சொற்றொடரைத் தேடினால் எதுவும் கிடைப்பதில்லை. இதற்காகத் தமிழ் இடைமுகத்தைக் கைவிட வேண்டியதில்லை. அந்த ஒரு நிரலை மட்டும் ஆங்கில மொழி அமைப்பில் ஒருமுறை இயக்கி, செய்தியை எடுத்துக்கொண்டால் போதும். ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சப்படுகிறவர்களிடம், முதலில் தமிழிலேயே முழுவதையும் எழுதச் சொல்கிறேன். என்ன செய்ய முயன்றார், எந்தக் கட்டளையை இயக்கினார், கணினி என்ன சொன்னது என்ற மூன்றும் அதில் இருந்துவிட்டால், எளிய ஆங்கிலத்துக்கு மாற்றுவது பத்து நிமிட வேலை. இலக்கணப் பிழையைச் சமூகத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கணினி தந்த செய்தியைத் தன் சொற்களில் சுருக்கிவிடுவதுதான் பதில் வராமல் போவதற்குப் பெரிய காரணமாகிறது.

கையேட்டைப் படியுங்கள் என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்பிவிடுவது எனக்கு ஏற்புடையதல்ல. லினக்ஸ் கையேட்டுப் பக்கங்கள் எட்டுப் பிரிவுகளாக உள்ளன என்பதும், அமைப்புக் கோப்புகளை எழுதும் முறை ஐந்தாம் பிரிவில் விளக்கப்படுகிறது என்பதும் புதியவருக்கு எப்படித் தெரியும்? எந்தப் பக்கம், அதில் எந்தப் பத்தி என்று சொன்னால் அவர் நிச்சயம் படிப்பார்.

எங்கு தேடியும் விடை இல்லையென்றால், அது மென்பொருளின் வழுவாகவே (நிரலிலேயே உள்ள பிழையாகவே) இருக்கலாம். டெபியனில் ரிப்போர்ட்பக் என்ற நிரல், பொதியின் பதிப்பையும் அது சார்ந்திருக்கும் மற்றப் பொதிகளையும் தானே திரட்டி அறிக்கையில் சேர்த்துவிடுகிறது. அதே பொதிக்கு ஏற்கெனவே பதிவான வழுக்களையும் அனுப்புவதற்கு முன்பே காட்டுகிறது. முதல் வழு அறிக்கையை எழுதும்போது மட்டும் நான் உடன் இருப்பேன்.

தனிச்செய்தியில் கேட்கிறவர்களிடம், பொதுவில் கேளுங்கள், அங்கேயே பதில் சொல்கிறேன் என்று கேட்டுக்கொள்கிறேன். சிக்கல் தீர்ந்ததும், எது தீர்த்தது என்று அவர்களையே அங்கு எழுதவும் சொல்கிறேன். "வைஃபை அடையாளமே மேலே வரவில்லை" என்று அந்த மாணவர் எழுதியிருந்தால், அதை "ஃபர்ம்வேர் ஏற்றப்படவில்லை" என்று நான் திருத்துவதில்லை. ஃபர்ம்வேர் என்ற சொல்லையே கேள்விப்படாத அடுத்தவர் தேடப்போவது அவர் எழுதிய சொற்களைத்தான்.