நவீன ஓவியம் வெறும் புரியாத கிறுக்கல்தானே? மற்ற கலைகளுக்கு அதனால் என்ன பயன்?

புரியவில்லை என்று சொல்வதில் தவறே இல்லை. பயன் இல்லை என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. மதுரை சிம்மக்கல் பக்கம் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் புத்தக அட்டையும் வடிவமைப்பது என் தொழில். கையில் எடுக்கும் வேலையில் பாதி, நவீன ஓவியர்கள் நமக்குப் பழக்கிவிட்டுப் போனதுதான்.

புரியாமை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். நம்மில் பலருக்கு முதல் ஓவியம் வீட்டில் தொங்கிய சாமி காலண்டர். ரவி வர்மா 1894-இல் மும்பையில் அச்சகம் தொடங்கினார். பிறகு கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் வீடு வீடாக வந்து சேர்ந்தார்கள். அருமையான கைகள் அவை, குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் படம் என்றால் கண்ணால் பார்ப்பதைப் போலவே இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலண்டர் வழியாகத்தான் நமக்குள் ஊறியது.

அதற்கு முன்பு நம் ஊர் அப்படியா இருந்தது? மதுரையைச் சுற்றியுள்ள ஏதாவது ஓர் அய்யனார் கோயிலுக்குப் போய் மண் குதிரையின் பக்கத்தில் நில்லுங்கள். உடம்புக்குப் பொருந்தாத உயரத்தில் கழுத்து. பிதுங்கிய கண். வாய் முழுக்கப் பல். கால்கள் வெறும் உருளைகள். உலகத்தில் எந்தக் குதிரையும் அப்படி இல்லை. ஆனாலும் ‘இது புரியலையே’ என்று அங்கே யாரும் சொல்வதில்லை. இருட்டின பிறகு அந்தப் பக்கம் போகத்தான் யோசிக்கிறோம். வாசலில் போடும் சிக்குக் கோலத்தில் எந்த உருவமும் கிடையாது. புள்ளியும், அதைச் சுற்றி வளையும் கோடும், அவ்வளவுதான். 1907-இல் பாரிஸில் பிகாசோ, ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்த வேகத்தில் பெண்களின் முகங்களைக் கோணலும் கூர்மையுமாக வரைந்தாரே, அவர் தேடிப் போனதும் இந்தச் சுதந்திரத்தைத்தான்.

சென்னையில் இதைத் தெளிவாக உணர்ந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றார். 1963 முதல் அவர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டமும் படிக்க முடியாத எழுத்துமாக நிறைந்திருக்கும். அதே கூட்டத்தைச் சேர்ந்த பி.வி. ஜானகிராம், கோயிலில் சாமிக்குக் கவசம் செய்கிறவர்களைப் போல உலோகத் தகட்டை அடித்துச் சிற்பம் செய்தார். ஓவியம் விற்காத நாளில் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் அந்தக் கிராமத்தையே நிலைநிறுத்தினார்கள். அவர்கள்மேல் எனக்குள்ள மரியாதைக்குப் பாதிக் காரணம் இது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். 1970-இல் தொடங்கிய ‘கசடதபற’ போன்ற சிற்றிதழ்களில் புதுக்கவிதையும் நவீன ஓவியமும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்தன. அதுவரை பத்திரிகைப் படம் கதையில் வரும் காட்சியை அப்படியே காட்டும். அவள் குடத்துடன் வந்தாள் என்று எழுதியிருந்தால் படத்திலும் குடம் இருக்கும். கே.எம். ஆதிமூலம் போன்ற நவீன ஓவியர்கள் வந்த பிறகு படம் கதைக்குப் பக்கத்தில் தனக்கென்று ஒன்றைச் சொல்லத் தொடங்கியது. ஜூனியர் விகடனில் கி.ராஜநாராயணன் எழுதிய கரிசல் காட்டுத் தொடருக்கு ஆதிமூலம் போட்ட கோடுகளில் அந்த மண்ணின் சொரசொரப்பே தெரியும்.

காந்தி நூற்றாண்டை ஒட்டி ஆதிமூலம் காந்தியைத் திரும்பத் திரும்பக் கோட்டோவியமாக வரைந்தார். எங்கள் மேலமாசி வீதியில் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறினார் என்பது மதுரைக்காரர்களுக்கு மனப்பாடம். புகைப்படத்தில் அரையாடை கட்டிய ஒருவரைப் பார்க்கிறோம். ஆதிமூலத்தின் பேனாவில் துறவே கோடாகிவிடுகிறது. வேண்டாததை எல்லாம் விட்டுவிட்டு, வளைந்த முதுகுக்கும் மெலிந்த காலுக்கும் மட்டும் மை செலவழித்திருப்பார்.

அவர் தூரிகையால் எழுதிய தலைப்பெழுத்துகள் தமிழ்ப் புத்தக அட்டையின் முகத்தையே மாற்றின. அதன் தொடர்ச்சியை நான் தினமும் பார்க்கிறேன். “அண்ணே, பேரு பிரஷ்ல எழுதுன மாதிரி இருக்கணும், பிள்ளையார் கோட்டுலயே போதும்” என்று கல்யாணப் பெண்ணின் தம்பி வந்து கேட்கிறான். காதுக்கு ஒரு வளைவு, தும்பிக்கைக்கு ஒரு சுழி, தந்தத்துக்கு ஒரு கீற்று, பிள்ளையார் வந்துவிடுவார். அந்தப் பத்திரிகையை வாங்கும் எந்த ஆச்சியும் ‘இது என்ன படம்’ என்று கேட்பதில்லை. கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பார்ப்பவரிடம் விட்டுவிடும் இந்தத் துணிச்சலுக்கு, அச்சுத் தொழிலில் நவீன ஓவியர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

நாடகத்திலும் இதுவே நடந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் பாலர் சபை தொடங்கிய காலத்தில் அரண்மனை, காடு, நந்தவனம் எல்லாம் படுதாவில் வரைந்து தொங்கும். 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவும், மறு வருடம் மதுரையில் மு. ராமசுவாமியின் நிஜ நாடக இயக்கமும் வந்தபோது நடிகனின் உடம்பே காடாகவும் அரண்மனையாகவும் ஆனது. பாரிஸில் 1917-இலேயே பிகாசோ ஒரு பாலே நாடகத்துக்கு அட்டையில் ஆளுயரத்துக்கு மேல் உடைகள் செய்தார். அதற்கு எரிக் சாத்தி அமைத்த இசைக்குள் தட்டச்சுப் பொறியின் ஓசையும் சேர்ந்தது. ஓவியனும் இசைக்காரனும் நடனக்காரனும் ஒரே மேடையில் ஒருவரையொருவர் சீண்டிவிட்டு வளர்ந்தார்கள்.

வீட்டுச் சாமானும் தப்பவில்லை. இரும்புக் குழாயை வளைத்து நாற்காலி செய்யலாம் என்று 1925 வாக்கில் செய்து காட்டியவர், ஜெர்மனியின் பவ்ஹவுஸ் கலைப் பள்ளியைச் சேர்ந்த மார்செல் ப்ராயர். குழாய்ச் சட்டத்தில் பிளாஸ்டிக் வயர் பின்னிய நம் வீட்டு நாற்காலியும் அந்த வம்சம்தான்.

நவீனம் என்ற பெயரில் வருவதெல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். கோட்டில் பயிற்சி இல்லாமல் வண்ணத்தை வாரி இறைத்த படங்களும் நிறைய உண்டு. ஆனால் 1937-இல் குண்டு வீசப்பட்ட ஓர் ஊருக்காகப் பிகாசோ வரைந்த ‘கெர்னிகா’வைக் கறுப்பு, வெள்ளை, சாம்பல் தவிர வேறு நிறம் இல்லாமல் பார்க்கும்போது, அந்த அலறலை அச்சு அசலான ஓவியத்தால் சொல்லியிருக்க முடியுமா என்று தோன்றும்.

சென்னைப் பக்கம் போனால் சோழமண்டலத்தில் உள்ள காட்சிக்கூடத்தைப் பாருங்கள். போக முடியாவிட்டால் மதுரைக்காரரான ட்ராட்ஸ்கி மருது வார இதழ்களில் கதைகளுக்கு வரைந்த படங்களைத் தேடிப் பாருங்கள், குதிரையும் வாளுமாகத் தூரிகை பாய்ந்திருக்கும். பழைய புத்தகக் கடையில் எழுபதுகளின் சிற்றிதழ் கிடைத்தால் விலை பேசாமல் வாங்கிவிடுங்கள். கவிதையைப் பிறகு படிக்கலாம், அட்டையை முதலில் நிதானமாகப் பாருங்கள்.