புதிய சர்வரா, வெளி ஹோஸ்டிங்கா?

கேள்வி: நாற்பது பேர் பயன்படுத்தும் எங்கள் கணக்கு, சரக்கு இருப்பு மென்பொருளின் தரவுத்தளம், அலுவலகத்திலுள்ள சொந்த சர்வரில் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் இயங்குகிறது. மாதக் கடைசியில் அறிக்கை எடுக்கும்போது எல்லாமே தவழ்கிறது. தரவுத்தளத்தை மட்டும் வெளி நிறுவனத்தின் ஹோஸ்டிங்குக்கு மாற்றலாம் என்கிறார் நிர்வாகி. அந்தப் பணத்தில் இன்னும் வலுவான சர்வரே வாங்கிவிடலாம் என்கிறேன் நான். தொழில்நுட்பப் பிரிவில் நாங்கள் இருவர்தான். எது சரி?

பதில்: இரண்டில் எதற்கும் இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். மாதக் கடைசியில் மட்டும் தவழ்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், குறை சர்வரில் இருப்பதைவிட அந்த அறிக்கைகளின் வினவல்களில், அதாவது தரவுத்தளத்திடம் தரவு கேட்கும் கட்டளைகளில், இருக்கவே வாய்ப்பு அதிகம். தாமதமாகும் வினவல்களைக் குறித்துவைக்கும் பதிவு வசதி மைஎஸ்கியூஎல்லிலேயே உண்டு. நாமாக இயக்காதவரை அது வேலை செய்யாது, இயக்கினாலும் 10 விநாடியைத் தாண்டியவற்றை மட்டுமே குறிக்கும். அந்த எல்லையை 1 விநாடியாகக் குறைத்து, மாதக் கடைசி நாட்கள் முழுவதும் ஓடவிட்டுப் பாருங்கள். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில், புதிய சர்வருக்கு விலைப்புள்ளி வாங்கிய பிறகுதான் இந்தப் பதிவைத் திறந்தார்கள். தேதிப் புலத்துக்கு இன்டெக்ஸ் (வேண்டிய தரவை நேராகத் தேடி எடுக்க உதவும் பட்டியல்) இல்லாததால், ஒரே ஓர் அறிக்கை ஒவ்வொரு முறையும் அட்டவணை முழுவதையும் படித்துக்கொண்டிருந்தது. இன்டெக்ஸ் போட்ட அன்றே விலைப்புள்ளி கோப்புக்குள் போய்விட்டது.

மெமரி அமைப்பையும் சரிபாருங்கள். மைஎஸ்கியூஎல்லுக்குள் தரவைக் கையாளும் பகுதியான இன்னோடிபி, தரவை மெமரியில் தேக்கிவைக்கும் இடம், யாரும் மாற்றாவிட்டால், 128 எம்பிதான். 64 ஜிபி மெமரியோடு சர்வர் வாங்கிவிட்டு இந்த அளவைச் சொல்லும் அந்த ஒரு அமைப்பு வரியை அப்படியே விட்டால், வாங்கியதில் பெரும்பகுதி அந்தத் தேக்கத்துக்கு வந்து சேராது.

நிர்வாகியின் யோசனையில் எனக்குக் கவலை தருவது ‘தரவுத்தளத்தை மட்டும்’ என்பதுதான். ஒரு திரையைத் திறக்க 300 வினவல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கு மென்பொருள்களில் இது அரிதல்ல. ஒரே அறைக்குள் ஒரு வினவல் போய்வர அரை மில்லிவிநாடி என்றால் மொத்தம் 0.15 விநாடிதான், இணையம் வழியே 20 மில்லிவிநாடி ஆனால் அதே திரைக்கு 6 விநாடி. அந்தப் பக்கம் எவ்வளவு வலுவான சர்வர் இருந்தாலும் இந்தத் தூரம் குறையாது. மாற்றுவதென்றால் மென்பொருளையும் சேர்த்தே மாற்றுங்கள். அப்போதும் அலுவலக இணையம் அறுந்தால் நாற்பது பேரும் கைகட்டி உட்கார வேண்டியிருக்கும் என்பதால், இரண்டாவது இணைப்பின் செலவையும் கணக்கில் சேருங்கள்.

பதிவைப் பார்த்து வினவல்களைச் சீர்செய்த பிறகும் சர்வர் திணறினால், நான் ஹோஸ்டிங் பக்கமே சாய்வேன். நள்ளிரவில் வட்டு பழுதானால் எழுந்து வர இருவரில் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் தாங்கும் ஏற்பாடு அல்ல. அந்தப் பாரமும் மென்பொருள் திருத்தங்களைப் போடும் வேலையும் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் போய்விடும்.

ஆனால் பேக்கப் பொறுப்பு முழுவதையும் கைகழுவிவிடாதீர்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் தீக்கிரையானபோது, வேறு இடத்தில் நகல் வைத்திராத வாடிக்கையாளர்கள் சிலர் தங்கள் தரவை மீட்கவே முடியாமல் இழந்தார்கள். தினமும் ஒரு முழு நகல் உங்கள் கைக்கு வருமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். வந்த நகலை இப்போதைய பழைய சர்வரில் மீட்டெடுத்து, சென்ற மாத அறிக்கை அப்படியே வருகிறதா என்று சரிபார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.