மாலை ஐந்து மணிக்கு மஞ்சள் பையுடன் வாசலில் நிற்கும் மாமியார்

கேள்வி: என் மாமியாருக்கு 76 வயது. அல்சைமர் என்று மருத்துவர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. சாயங்காலம் ஆனால் இரண்டு புடவையை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று வாசலுக்கு வந்துவிடுகிறார். நாற்பது வருடமாக இதுதான் அவர் வீடு. மாமனார் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது, "அவர் இன்னும் வரவில்லையா?" என்று தினமும் கேட்கிறார். உண்மையைச் சொன்னால் அன்றைக்குத்தான் சாவுச் செய்தி வந்ததுபோல் அழுகிறார். மறைத்தால், அம்மாவிடம் பொய் சொல்கிறோமே என்று என் கணவருக்கு உறுத்துகிறது. நாள், தேதி, பேரப்பிள்ளைகள் பெயர் என்று விடாமல் கேட்டுப் பழக்கினால் ஞாபகம் திரும்பும் என்கிறார் நாத்தனார். கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் மாமனார் படத்தைக் கழற்றிவிடலாமா என்றும் ஒரு யோசனை. என்ன செய்வது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நாத்தனாரின் யோசனைக்கு ஒரு வரலாறே உண்டு. 1960களில் அமெரிக்க மருத்துவமனைகளில் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார்கள். இன்று என்ன கிழமை, வெளியே வெயிலா மழையா என்று பலகையில் எழுதிவைத்து, நோயாளிகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பலகையில் தவறில்லை. உங்கள் வீட்டிலும் பெரிய எழுத்தில் தினசரிக் காலண்டர் ஒன்று மாட்டுங்கள். ஆனால் பல இடங்களில் அது நாளடைவில் பரீட்சையாக மாறியது. "நான் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்?" என்று வருகிற உறவினர் எல்லாம் கேட்பார்கள் அல்லவா, அந்தப் பரீட்சைதான். அதில் அவர் தினமும் தோற்கிறார். கேள்வி மறந்துபோகும், தோற்ற அவமானம் மட்டும் அன்று முழுவதும் முகத்தில் இருக்கும்.

பழைய முறையில் இருந்த நல்லதை எடுத்துக்கொண்டு, பரீட்சையைக் கழித்துவிட்டு உருவானதுதான் அறிதிறன் தூண்டல் சிகிச்சை. அறிதிறன் என்றால் நினைவு, சிந்தனை போன்ற மூளைத் திறன்கள். சிறு குழுவாக உட்கார்ந்து, வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் என ஏழு வாரம். மொத்தம் 14 அமர்வுகள். இங்கிலாந்தில் 201 பேரிடம் நடத்தி 2003இல் வெளியான ஆய்வில், அறிதிறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. ஓரளவுதான், போன ஞாபகம் திரும்பிவிடாது. ஆரம்ப, நடு நிலைகளில் இருப்பவர்களுக்கே இது பொருந்தும். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல ஆய்வு நிறுவனம் இதைத் தமிழுக்கு ஏற்ப அமைத்துச் செய்து பார்த்திருக்கிறது.

இதன் சூட்சுமம் சின்னது: ஞாபகத்தைக் கேட்காதே, அபிப்பிராயத்தைக் கேள். "தீபாவளிக்கு என்ன பலகாரம் செய்தீர்கள்?" என்றால் அவர் திணறுவார். ஒரு தட்டில் அதிரசத்தையும் முறுக்கையும் வைத்து, "இதில் எதைச் செய்வது கஷ்டம்?" என்று கேளுங்கள். அதற்குத் தவறான பதிலே கிடையாது. பாகுப் பதம் பற்றி உங்களுக்குப் பாடம் எடுத்தாலும் ஆச்சரியமில்லை.

இனி மாலை ஐந்து மணிக்கு வருவோம். வெளிச்சம் மங்கும் நேரத்தில் குழப்பம் கூடுவது இந்த நோயில் மிகவும் சாதாரணம். நாலரைக்கே எல்லா விளக்குகளையும் போட்டுவிடுங்கள். அவர் சொல்கிற 'வீடு' பெரும்பாலும் பிறந்த வீடாக இருக்கும். சில சமயம் முகவரி இல்லாத ஒரு நிம்மதியாகவும் இருக்கும். "இதுதானே அத்தை நம் வீடு" என்று வழிமறித்தால், தன்னைச் சிறைவைத்திருப்பதாகவே அவருக்குத் தோன்றும். "போகலாம் அத்தை, காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம்" என்று சொல்லிக் கூட உட்காருங்கள். அந்த வீட்டு வாசலில் என்ன மரம், கிணற்றுத் தண்ணீர் எப்படி, மாடு எத்தனை என்று பேச்சுக் கொடுங்கள். பை அவர் கையிலேயே இருக்கட்டும்.

பேச்சோடு கைக்கு ஒரு வேலையும் வேண்டும். பெற்ற மகனின் பெயர் தெரியாத ஒரு பாட்டியிடம் ஒருமுறை உதிரி மல்லிகையும் நாரும் கொடுத்தேன். இரண்டு முழம் நெருக்கமாகக் கட்டி முடித்துவிட்டு, பக்கத்தில் நான் தடுமாறிப் போட்ட முடிச்சைப் பார்த்து, "இது தெருமுனை தாண்டுவதற்குள் உதிர்ந்துவிடும்" என்றார். அல்சைமர் முதலில் தாக்குவது புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியை. கைப்பழக்கம் மூளையில் வேறு இடங்களில் இருக்கிறது. அது நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

உங்கள் கணவரின் உறுத்தல் நியாயமானது. இறந்துவிட்டார் என்றும் சொல்லாமல், வந்துவிடுவார் என்றும் சொல்லாமல் இடையில் ஒரு வழி இருக்கிறது. "அப்பாவைத் தேடுகிறதா அம்மா? வழக்கமாக எத்தனை மணிக்கு வருவார்? வந்ததும் என்ன கேட்பார்?" என்று அவர் தேடலோடு சேர்ந்து நடப்பதுதான் அது. நவோமி ஃபெயில் என்ற அமெரிக்கச் சமூகப் பணியாளர் இந்த அணுகுமுறையை 'வேலிடேஷன்' என்ற பெயரில் வளர்த்தெடுத்தார். ஆய்வுச் சான்று அவ்வளவு பலமாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அழுகை குறைவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும்: "அவர் போய்விட்டார், இல்லையா?" என்று மாமியாரே கேட்டால் மறுக்காதீர்கள். "ஆமாம் அம்மா" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளக் கணவரிடம் சொல்லுங்கள்.

இத்தனை நாள் இல்லாத குழப்பமோ கோபமோ ஓரிரு நாளில் திடீரென்று வந்தால் பேச்சும் பூவும் போதாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை இவற்றில் ஏதாவது காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள். அடங்கியிருக்கட்டும் என்று மனநோய் மாத்திரையை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். டிமென்ஷியா, அதாவது அல்சைமர் போன்ற மறதி நோய், உள்ள முதியவர்களுக்கு அவை மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்திருக்கிறது. ஊரில் என்ன உதவி கிடைக்கும் என்று விசாரிக்க, முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

படத்தைத் தாராளமாகக் கழற்றுங்கள். மாலை போட்ட படம் கூடத்தில் இருக்கும்வரை, நீங்கள் சொல்லாத செய்தியை அது தினமும் சொல்லிக்கொண்டே இருக்கும். உறவினர்கள் முணுமுணுத்தால் மாமனாரின் திதியன்று மட்டும் எடுத்து வைத்து மாலை போடுங்கள். மற்ற நாட்களுக்கு அந்த ஆணியில், இருவரும் சேர்ந்து நிற்கும் கல்யாணப் படம் இருந்தால் மாட்டிவிடுங்கள்.